தம்பியை மருத்துவமனைக்குக் கூட்டிப்போனால் வழக்கு வருமா?

ஹெராயின் பழக்கத்துக்குச் சிகிச்சை கேட்டுப் போனால் போலீஸ் பிடிக்குமோ என்று பயந்து தம்பியை வீட்டிலேயே வைத்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். தயங்காமல் கூட்டிப்போங்கள். 1985-ஆம் ஆண்டின் என்டிபிஎஸ் எனப்படும் போதைப்பொருள் தடுப்புச் சட்டம், 27-ஆவது பிரிவில், ஹெராயின் எடுப்பதற்கே ஓராண்டு வரை சிறை என்கிறது, உண்மைதான். ஆனால் தானாக முன்வந்து அரசு அங்கீகரித்த மையத்தில் சிகிச்சை பெறுபவருக்கு அதே சட்டத்தின் 64ஏ பிரிவு பாதுகாப்பு தருகிறது. சிகிச்சையைப் பாதியில் விட்டால் அந்தப் பாதுகாப்பை விலக்கிக்கொள்ளலாம் என்ற நிபந்தனைதான் எனக்கு ஏற்கவில்லை. இந்த நோயில் சறுக்கிச் சறுக்கித்தான் பலர் மீள்கிறார்கள்.

சிறையில் ஆபத்து இன்னும் பெரிது. சில வாரம் நிறுத்தியதுமே உடலின் தாங்கும் சக்தி குறைந்துவிடும். வெளியே வந்து பழைய அளவையே எடுத்தால் மூச்சு நின்றுவிடக்கூடும். புப்ரெனார்ஃபின் போன்ற மாற்று மருந்து தொடர்ந்து கிடைத்தால் இப்படிப்பட்ட சாவுகள் பலவற்றைத் தடுக்கலாம். 14446 என்ற இலவச எண்ணில் பக்கத்து மையத்தைக் கேளுங்கள்.