உங்கள் பட்டியலில் நாடகம் எங்கே?

வணக்கம் சார்,

நான் ஒரு கூட்டுறவு வங்கியில் வேலை பார்க்கிறேன். ஐம்பது வயதுக்குள் உலகின் செவ்வியல் நூல்களைப் படித்துவிட வேண்டும் என்று ஆசை. பல இடங்களில் தேடி, நூறு தலைப்புகளுடன் ஒரு எக்ஸெல் பட்டியல் தயாரித்திருக்கிறேன். இத்துடன் இணைத்துள்ளேன். எந்த வரிசையில் படிப்பது? ஆங்கிலத்தில் படிப்பதா, தமிழ் மொழிபெயர்ப்பில் படிப்பதா? டால்ஸ்டாயின் ‘போரும் அமைதியும்’ நாவலைப் பெயர்க் குழப்பத்தால் பாதியிலேயே வைத்துவிட்டேன். சுருக்கப் பதிப்புகளைப் படிக்கலாமா? “நீங்க படிக்கிறதைவிடப் பட்டியல் போடுறதுதான் ஜாஸ்தி” என்று என் மனைவி கேலி செய்கிறார்.

ச.

அன்புள்ள ச.,

உங்கள் கடிதத்தில் ஆக உருப்படியான வாக்கியம் உங்கள் மனைவியுடையது.

வரிசை எதுவும் வேண்டாம். எது கையில் அகப்படுகிறதோ அதில் ஆரம்பியுங்கள். சுருக்கப் பதிப்பு கூடவே கூடாது. கதை தெரிந்தால் போதும் என்றால் அதற்கு எதற்கு டால்ஸ்டாய்? பெயர்க் குழப்பத்துக்கு ஒரு துண்டுச்சீட்டில் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். நகைக்கடன் வாங்கிய அத்தனை பேரையும் இனிஷியலோடு நினைவில் வைத்திருப்பவருக்கு ரஸ்தோவ் குடும்பத்தை நினைவில் வைக்க முடியாதா என்ன?

அந்த எக்ஸெலைத் திறந்து பார்த்தேன். உழைத்திருக்கிறீர்கள், சந்தேகமில்லை. நாடு, ஆண்டு, பக்க எண்ணிக்கை, எல்லாவற்றுக்கும் ஒரு கட்டம். ஆனால் கீழே போகப்போக நாவல், நாவல், நாவல். நடுவில் கொஞ்சம் சிறுகதை, இரண்டொரு காவியம். நாடகம் ஒன்றுகூட இல்லை. ஷேக்ஸ்பியரையே விட்டுவிட்டு உலக இலக்கியப் பட்டியல் போட ஒரு துணிச்சல் வேண்டும், ஐயா.

உங்களை மட்டும் சொல்லவில்லை. கொஞ்ச காலமாகவே இது எனக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது. நம்மில் நன்றாக வாசிப்பவர்கள்கூட நாடகப் புத்தகம் என்றால் கீழே வைத்துவிடுகிறார்கள். “அது நடிக்கிறதுக்குத்தானே சார்” என்கிறார்கள். சரி, நடித்தால் போய்ப் பார்க்கிறார்களா? அதுவும் இல்லை. செவ்வியல் என்றால் தலையணை கனத்துக்கு ஒரு நாவல் என்று எப்படியோ மனதில் பதிந்துவிட்டது. நாவல் நேற்று வந்தது. கிரேக்க நாடகாசிரியர் சோபோக்ளிஸ் கிறிஸ்துவுக்கு நானூறு ஆண்டுகளுக்கு முன்பே நாடகத்தை எங்கேயோ கொண்டுபோய்விட்டார்.

சூத்ரகரின் ‘மிருச்சகடிகம்’ வடமொழி நாடகம். பண்டிதமணி கதிரேசச் செட்டியார் அதை ‘மண்ணியல் சிறுதேர்’ என்று தமிழில் தந்திருக்கிறார். மூன்றாம் அங்கத்தில் சர்விலகன் என்ற திருடன் வருகிறான், பிராமணன். சுவரில் கன்னம் வைக்கப் போகிறான். அதற்கு முன் நின்று யோசிக்கிறான்: ஓட்டையை எந்த வடிவத்தில் போடலாம்? தாமரையா, பிறைச்சந்திரனா, பூரண கும்பமா? செங்கல் சுவருக்குக் கும்பம்தான் எடுக்கும் என்று முடிவு செய்கிறான். காலையில் ஊர் வந்து பார்த்து மெச்ச வேண்டுமாம். அளவு நூலை மறந்துவிட்டு வந்திருக்கிறான், பரவாயில்லை, பூணூலைக் கழற்றி அளக்கிறான். இதைப் படித்துவிட்டு யாராவது வடமொழி இலக்கியம் என்றால் வறட்டு சமாசாரம் என்று சொல்லட்டும், பார்க்கலாம்.

ரொம்பப் பின்னால் போக வேண்டாம் என்றால், 1963-இல் வங்காளத்தில் பாதல் சர்க்காரின் ‘ஏவம் இந்திரஜித்’, 1964-இல் கன்னடத்தில் கிரீஷ் கர்னாடின் ‘துக்ளக்’, 1967-இல் மராத்தியில் விஜய் டெண்டுல்கரின் ‘சாந்ததா! கோர்ட் சாலூ ஆஹே’, 1969-இல் இந்தியில் மோகன் ராகேஷின் ‘ஆதே அதூரே’. ஏழு வருஷத்துக்குள் நான்கு மொழிகளில் நான்கு பெரிய நாடகங்கள். எல்லாம் பக்கத்து வீட்டில் நடந்தவை. உங்கள் பட்டியல் பாரிசுக்கும் பீட்டர்ஸ்பர்குக்கும் போய்விட்டு நேராக வீடு திரும்பிவிடுகிறது.

நாடகம் பிடிபடாமல் போவதற்குக் காரணம், அதையும் நாவலைப் போல வாயை மூடிக்கொண்டு படிப்பதுதான். நாவலில் ஒருவர் கூடவே வந்து எல்லாவற்றையும் சொல்லிக்கொண்டிருப்பார்: அவள் முகம் வாடியது, அவன் தயங்கினான். நாடகத்தில் அந்த ஆள் கிடையாது. எங்கே நிறுத்துவது, எங்கே குரல் இறங்குவது என்பதெல்லாம் வாசிப்பவர் பொறுப்பு. அதனால் வாய்விட்டுப் படிக்க வேண்டும். ஆளுக்கொரு பாகம் எடுத்துக்கொண்டு படித்தால் இன்னும் நல்லது.

மதுரையில் ஒரு லாட்ஜில் தங்கி வேலை பார்த்த காலத்தில், நாங்கள் மூன்று பேர் மொட்டைமாடியில் இப்சனின் ‘பொம்மை வீடு’ படித்தோம். நார்வே மொழியில் எழுதி 1879 டிசம்பரில் வெளியான நாடகம். எங்களிடம் இருந்தது அட்டை போன ஆங்கிலப் பதிப்பு. ஒரு வரி பார்ப்பது, அவரவர் தமிழில் சொல்வது, அப்படியே ஓட்டினோம். கணவன் ஹெல்மர் பாகம் ஒரு தூத்துக்குடிக்காரருக்கு. அப்போதுதான் கல்யாணமாகி, மனைவியை ஊரில் விட்டுவிட்டு வந்திருந்தார். முதல் காட்சியிலேயே நோரா மக்ரூனை ஒளித்துவைத்துத் தின்றுவிட்டு வாயைத் துடைத்துக்கொள்வாள்; பல் கெட்டுவிடும் என்று கணவன் தடை போட்டிருக்கிறான். “எங்க ஊர் மக்ரூனைத் தின்னக் கூடாதுன்னு சொல்ல இவன் யாருல?” என்று நண்பர் எகிறினார். ஆனால் “என் வானம்பாடி, என் அணில்குட்டி” என்று ஹெல்மர் கொஞ்சும் இடமெல்லாம் வந்தபோது மனுஷர் உருகி உருகி வாசித்தார்.

கதை இதுதான். கணவனின் உயிரைக் காப்பாற்ற நோரா ரகசியமாகக் கடன் வாங்குகிறாள். ஜாமீனுக்கு அப்பாவின் கையெழுத்தை அவளே போடுகிறாள். அப்பா இறந்தது செப்டம்பர் 29. பத்திரத்தில் தேதி அக்டோபர் 2. செத்து மூன்றாம் நாள் கையெழுத்துப் போட்ட அப்பா! (வங்கிக்காரர் நீங்கள், இதை நான் விளக்க வேண்டியதில்லை.) கடைசி அங்கத்தில் விஷயம் கடிதமாக ஹெல்மர் கைக்கு வருகிறது. கொஞ்சின அதே வாயால் வசைபாடுகிறான், இனி குழந்தைகளை உன்னிடம் விடமாட்டேன் என்கிறான். அந்த நேரம் பார்த்து இன்னொரு கடிதம், பத்திரம் திரும்பி வந்துவிடுகிறது. உடனே கத்துகிறான்: “நான் தப்பித்தேன்! நோரா, நான் தப்பித்தேன்!” அவள் கேட்கிறாள்: “நான்?” “நீயும்தான்.”

தனியாகப் படித்தால் அந்த இடம் நழுவிப் போய்விடும், இரண்டே வரி. நண்பர் அன்று சத்தமாகக் கத்திவிட்டு, அடுத்த வரிக்கு வந்து, “நீயும்தான்” என்பதைச் சொல்ல முடியாமல் நின்றார். புத்தகத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு, “இந்த ஆள் எனக்கு வேட்டு வைக்கத்தான் எழுதியிருக்கான்” என்றார். மீதியை அடுத்த நாள்தான் படிக்க முடிந்தது. அந்த மீதியில்தான் நோரா கணவனையும் பிள்ளைகளையும் விட்டுவிட்டு வீட்டைவிட்டுப் போகிறாள்.

ஜெர்மனியில் நோராவாக நடிக்கவிருந்த நடிகை, நான் என் பிள்ளைகளை விட்டுப் போகமாட்டேன் என்று முடிவையே மாற்றச் சொன்னார். வேறு யாரோ கண்டபடி மாற்றிவிடுவார்களே என்று பயந்து, இப்சனே அரைமனதாக இன்னொரு முடிவை எழுதிக் கொடுத்தார். பிறகு அதை ஒரு வன்கொடுமை என்றே சொன்னார். ஒரு நாடகத்தை வாயால் சொல்ல வேண்டியவருக்கு அது எவ்வளவு பாரமாகிவிடுகிறது பாருங்கள்!

ஆங்கிலமா தமிழா என்ற கேள்வியை விடுங்கள். எந்தப் பதிப்பு கிடைத்தாலும் உங்கள் வாயில் வரும்போது அது உங்கள் வீட்டுத் தமிழாகிவிடும். அந்த எக்ஸெலை மூடிவிட்டு இந்த ஒரு நாடகத்தை வாங்குங்கள். நோராவை உங்கள் மனைவியிடம் கொடுங்கள், ஹெல்மர் நீங்கள். மூன்றாம் அங்கம் முடிந்ததும் அவர் என்ன சொன்னார் என்று எனக்கு எழுத வேண்டாம், அது உங்கள் குடும்ப விவகாரம்.