பழைய டேபிள் சாவில் தேய்ந்த பேரிங்கை நாமே மாற்ற முடியுமா?

செகண்ட் ஹேண்டில் வாங்கிய டேபிள் சா (மேசையில் பொருத்திய வட்ட ரம்பம்), பெல்ட்டில் ஓடுவது. ஓடும்போது கரகரவென்று இரைகிறது, அறுத்த பலகையின் ஓரத்தில் கோடு கோடாக விழுகிறது, பேரிங் மாற்றினால் சரியாகிவிடுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

நீங்களே மாற்றலாம். ஆனால் கடைக்குப் போகும் முன் பேரிங் உட்காரும் இடத்தைப் பாருங்கள். பேரிங் மட்டும் போயிருந்தால் செலவு குறைவு. ஷாஃப்ட்டோ (பேரிங் ஏறியிருக்கும் தண்டு) ஹவுசிங்கோ (பேரிங்கைச் சுற்றியுள்ள கூடு) தேய்ந்திருந்தால், எவ்வளவு நல்ல பேரிங் போட்டாலும் சீக்கிரமே அதே சத்தம் திரும்பி வரும்.

முதலில் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று உறுதி செய்துகொள்ளுங்கள். பிளக்கைப் பிடுங்கிவிட்டு பிளேடையும் பெல்ட்டையும் கழற்றுங்கள். அப்புறம் மோட்டாரை மட்டும் ஓடவிட்டுப் பாருங்கள். அப்போதும் இரைந்தால் மோட்டார் பேரிங்கும் போயிருக்கிறது. மோட்டார் அமைதியாக ஓடினால், மறுபடி பிளக்கைப் பிடுங்கிவிட்டு ஸ்பிண்டிலை, அதாவது பிளேடு மாட்டும் ஷாஃப்ட்டை, கையால் மெதுவாகச் சுற்றுங்கள். பேரிங் போயிருந்தால் மணல் அரைபடுவது போல விரலுக்குத் தெரியும். ஷாஃப்ட்டின் முனையைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டுங்கள். நல்ல பேரிங்கில் ஆட்டம் கைக்குத் தெரியவே கூடாது.

பிளேடு நட்டில் ஒரு விஷயம். பல மிஷின்களில் அது இடது மரை, அதாவது வழக்கத்துக்கு எதிர்த்திசையில் கழலும் மரை. குழப்பம் வேண்டாம்: பிளேடு எந்தத் திசையில் ஓடுமோ அதே திசையில் திருப்பினால் நட்டு கழலும்.

கழற்றும்போது ஒவ்வொரு கட்டத்திலும் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். சர்க்ளிப் (பேரிங் நகராமல் பிடிக்கும் வளையக் கிளிப்), ஸ்பேசர் (இடைவெளி காக்கும் வளையம்), வாஷர் எல்லாவற்றுக்கும் வரிசை உண்டு. சில மிஷின்களில் அலை அலையாக வளைந்த மெல்லிய வாஷர் ஒன்று இருக்கும்; நசுங்கிய வாஷர் என்று நினைத்து எறிந்துவிடாதீர்கள். ஷாஃப்ட்டின் பக்கவாட்டு ஆட்டத்தை அழுத்திப் பிடித்திருப்பது அதுதான்.

வெளியே வந்த பேரிங்கை நன்றாகப் பாருங்கள். ரப்பர் சீலை ஊசியால் நெம்பினால், உள்ளே கிரீஸும் மரத்தூளும் சேர்ந்து கரிய பசையாகி இருக்கும். பேரிங்கின் வெளி வளையத்தில் கண்ணாடி போல பளபளப்போ, செம்பழுப்புத் தூளோ இருந்தால், அது ஹவுசிங்குக்குள் வழுக்கிச் சுற்றியிருக்கிறது என்று அர்த்தம். இங்கேதான் பட்டறைகளில் ஹவுசிங்கின் உட்சுவரில் சுற்றிலும் பஞ்ச் குத்தி இறுக்குவார்கள். தயவுசெய்து அதற்குச் சம்மதிக்காதீர்கள். பேரிங் அந்தக் குத்துப்புள்ளிகளின் மேல்தான் நிற்கும். கொஞ்ச நாளில் அவையும் தேய்ந்துவிடும். லேத் பட்டறையில் கொடுத்துக் கடைந்து, உள்ளே ஸ்லீவ் (உலோகக் குழாய் வளையம்) போட்டு, அளவுக்குக் கொண்டுவருவதே முறை. தேய்மானம் மிகச் சிறியதாக இருந்தால் மட்டும், பேரிங் பிடிக்கவென்றே விற்கும் லாக்டைட் 641 போன்ற பசை போதும்.

மிஷின் கம்பெனி ஸ்பேர் கிடைக்கவில்லையே என்று கவலைப்படத் தேவையில்லை. பேரிங்கின் மேலேயே எண் இருக்கும். 6203 என்றால் உள்விட்டம் 17, வெளிவிட்டம் 40, தடிமன் 12 மில்லிமீட்டர். 6204 என்றால் 20, 47, 14. உலகம் முழுக்க இதே அளவுதான். எண் அழிந்திருந்தால் வெர்னியரில் அளந்து சொன்னால் கடைக்காரர் எடுத்துக் கொடுப்பார். எண்ணுக்குப் பின்னால் வரும் எழுத்தையும் பாருங்கள். இசட்இசட் என்றால் தகர மூடி. அதற்கும் உள் வளையத்துக்கும் நடுவே இடைவெளி உண்டு. மரத்தூள் பறக்கும் இடத்துக்கு இருபுறமும் ரப்பர் சீல் வைத்த 2ஆர்எஸ் வகைதான் சரி. போலிச் சரக்கு நிறைய நடமாடுவதால் தெரிந்த கடையில் பில்லோடு வாங்குங்கள். ஷாஃப்ட்டின் ஒரு பக்க பேரிங் மட்டும் போயிருந்தாலும் இரு பக்கத்தையும் சேர்த்தே மாற்றுங்கள். ஷாஃப்ட்டை வெளியே எடுப்பதுதான் பெரிய வேலை, அதை இன்னொரு தடவை செய்வானேன்?

மாட்டும்போது ஒரே விதி: எந்த வளையம் இறுக்கமாக ஏறுகிறதோ அந்த வளையத்தில்தான் அழுத்தம் விழ வேண்டும். ஷாஃப்ட்டில் ஏற்றும்போது உள் வளையத்தில் மட்டும் உட்காரும் குழாய்த் துண்டை வைத்துத் தட்டுங்கள். வெளி வளையத்தில் தட்டினால் அடி முழுவதும் குண்டுகள் வழியாகப் போய், அவை ஓடும் தடத்தில் குழி விழும். புது பேரிங் முதல் நாளே இரையும். ஷாஃப்ட்டை ஒரு இரவு பிரிட்ஜின் ஃப்ரீசரில் வைத்துவிட்டு, ஈரத்தைத் துடைத்து ஏற்றினால் வேலை சுலபம். சீல் வைத்த பேரிங்கைச் சூடாக்குவதானால் 80 டிகிரி செல்சியஸைத் தாண்ட வேண்டாம், சீலும் கிரீஸும் கெடும். தீயில் காட்டவே கூடாது.

பெல்ட்டை அளவோடு இறுக்குங்கள். பழைய பேரிங் போனதற்குப் பல நேரம் காரணமே வீணை நரம்பு மாதிரி முறுக்கிய பெல்ட்தான். பெல்ட் ஓடும் இரண்டு புல்லிகளும் நேர்கோட்டில் இருக்கின்றனவா என்று ஒரு நேர்ச்சட்டத்தை வைத்துப் பாருங்கள்.

பிளேடு இல்லாமல் கால் மணி நேரம் ஓட்டி, பிளக்கைப் பிடுங்கியபின் ஹவுசிங்கைத் தொட்டுப் பாருங்கள். இளஞ்சூடு இருக்கலாம். கை வைக்க முடியாத சூடு என்றால் எங்கோ இறுகியிருக்கிறது, திரும்பப் பிரிக்க வேண்டியதுதான். எல்லாம் சரியென்றால் பிளேடைப் போட்டு ஒரு பல்லில் மார்க்கர் புள்ளி வையுங்கள். அந்தப் பல்லை முன்னால் கொண்டுவந்து மேசையில் பிளேடுக்கு இணையாக ஓடும் பள்ளத்திலிருந்து தூரத்தை அளங்கள். அதே பல்லைப் பின்னால் திருப்பி மறுபடி அளங்கள். இரண்டும் ஒன்றாக இல்லாவிட்டால் ஸ்பிண்டில் சட்டத்தின் போல்ட்டுகளைத் தளர்த்தி நேராக்குங்கள். பலகை ஓரத்தில் விழும் கோடுகள் பல நேரம் இந்தக் கோணலால்தான் வரும். பேரிங் மாற்றினால் மட்டும் அது போகாது.