துளையிட்ட பித்தளை வாஷர்

அன்புள்ள ஐயா,

1940இல் ஸ்பிட்ஃபயர் விமானம் சட்டென்று மூக்கைக் கவிழ்த்துப் பாய்ந்தால் எஞ்சின் அணைந்துவிடும் என்றும், துளையிட்ட ஒரு வாஷர் அதைச் சரிசெய்தது என்றும் எழுதியிருந்தீர்கள். பெட்ரோல் கிடைக்காமல் அணைகிற எஞ்சினுக்கு வழியை இன்னும் குறுக்கினால் எப்படி? பம்பின் அழுத்தத்தை அல்லவா கூட்டியிருக்க வேண்டும்?

கே.எஸ்., ஓசூர்

அன்புள்ள கே.எஸ்.,

கூட்டியிருந்தால் இன்னும் மோசமாகியிருக்கும். எஞ்சின் முதலில் திணறியது பெட்ரோல் கிடைக்காமல்தான். ஆனால் அணைந்தது பெட்ரோல் அதிகமாகி.

ஸ்பிட்ஃபயரின் மெர்லின் எஞ்சினில் பெட்ரோலைக் காற்றோடு கலந்து கொடுத்தது மிதவை கார்புரேட்டர். பழைய பைக்கில் இருப்பதன் பெரிய அண்ணன் என்று வைத்துக்கொள்ளுங்கள். பம்ப் தள்ளிக்கொண்டே இருக்கும். அறையில் பெட்ரோல் நிறைந்ததும் மிதவை எழும்பி ஊசி வால்வை மூடும். பம்பின் அழுத்தத்துக்கு அணை போடுவது இந்த மிதவைதான். அது நம்பியிருப்பதோ புவியீர்ப்பை.

விமானம் திடீரென்று கவிழும்போது பெட்ரோல் அறையின் மேல்பக்கம் போய் ஒட்டிக்கொள்கிறது. கீழே இருக்கும் ஜெட்டுகள் (எஞ்சினுக்குப் பெட்ரோல் போகும் சிறு துளைகள்) வறண்டு, எஞ்சின் ஒரு கணம் இருமுகிறது. அதோடு விட்டால் பரவாயில்லை. மிதவை இப்போது தலைகீழாக வேலை செய்து கீழே போய்விடும், ஊசி வால்வு முழுசாகத் திறந்துகொள்ளும். பம்பின் மொத்த அழுத்தத்தோடு பெட்ரோல் உள்ளே கொட்டும். கரும்புகை, அப்புறம் மௌனம். துரத்தப்பட்ட ஜெர்மன் போர் விமானம் மெஸ்ஸர்ஷ்மிட் 109இல், மிதவை இல்லாமல் பெட்ரோலை நேராக சிலிண்டருக்குள் பீய்ச்சும் நேரடி இன்ஜெக்‌ஷன். அது பாட்டுக்குப் பாய்ந்து தப்பிவிடும். பிரிட்டிஷ் விமானிகள், பெட்ரோல் அறையின் அடியிலேயே இருக்க, முதலில் பாதி புரண்டு, அப்புறம் மூக்கை இழுத்துத்தான் பின்தொடர முடிந்தது.

ஃபார்ன்பரோவில் இருந்த பிரிட்டிஷ் விமான ஆய்வுக்கூடப் பொறியாளர் பியாட்ரிஸ் ஷில்லிங் (புரூக்லாண்ட்ஸ் பந்தயத் தடத்தில் பைக்கை மணிக்கு 100 மைலுக்கு மேல் விரட்டியவர்) கார்புரேட்டருக்கு வரும் குழாயில் வாஷரை வைத்தார். முழு சக்தியில் ஓடும் எஞ்சின் எவ்வளவு குடிக்குமோ அவ்வளவுதான் அந்தத் துளை வழியே போகும். வால்வு திறந்தே கிடந்தாலும் வெள்ளம் வராது. எஞ்சினுக்குள் காற்றைத் திணிக்கும் அழுத்தம் (பூஸ்ட்) 12 பவுண்டு என்றால் ஒரு துளை, 15 என்றால் வேறொன்று. எஞ்சினைக் கழற்றாமலே மாட்டலாம் என்பதால் 1941 மார்ச்சுக்குள் பிரிட்டிஷ் விமானப்படையின் போர் விமானப் பிரிவான ஃபைட்டர் கமாண்ட் முழுவதும் போய்ச் சேர்ந்தது. என்னைக் கேட்டால், அந்தப் போரின் மிக மலிவான பழுதுபார்ப்பு இதுவாகத்தான் இருக்கும்.

ஒன்று மட்டும் மிச்சம்: அந்த முதல் இருமலை வாஷரால் நிறுத்த முடியவில்லை. அதற்கு மிதவையையே தூக்கிப்போட வேண்டியிருந்தது. பின்னால் வந்த மெர்லின் 66இல் பெண்டிக்ஸ்-ஸ்ட்ராம்பர்க் அழுத்தக் கார்புரேட்டர். அதில் அளவு பார்ப்பவை டயாஃப்ரம்கள், அதாவது அழுத்தத்துக்கு வளைந்துகொடுக்கும் மெல்லிய சவ்வுகள். விமானம் எந்தப் பக்கம் கவிழ்ந்தாலும் அவற்றுக்குக் கவலையில்லை.