மதியத்தில் வாய் பிளந்து மூச்சிரைக்கும் கோழிகள்

நண்பகலில் நான்கு கோழிகளும் இறக்கையை விரித்து, வாயைத் திறந்து மூச்சிரைக்கின்றன, தகரக் கூண்டுக்குள் மின்விசிறி வைத்தும் பயனில்லை என்கிறீர்கள். எப்படிப் பயன் இருக்கும்? வெயிலில் அந்தத் தகரமே அடுப்பு. விசிறி சூட்டுக் காற்றைத்தான் சுழற்றுகிறது. பகலில் அவற்றை மர நிழலுக்கு மாற்றுங்கள். மரம் இல்லையென்றால் நான்கு கம்பு நட்டு ஒரு பழைய சாக்கைக் கட்டினாலும் போதும்.

கோழிக்கு வியர்வைச் சுரப்பி கிடையாது. அதன் உடல் வெப்பமே ஏறத்தாழ 41 டிகிரி செல்சியஸ். மூச்சிரைத்தும், கொண்டை, தாடி வழியாகவும்தான் அது சூட்டை வெளியேற்றுகிறது. மூச்சிரைக்கும்போது உடலின் நீரும் போய்விடும் என்பதால் தண்ணீர்தான் முக்கியம். நிழலில் இரண்டு மூன்று இடங்களில் வைத்து, சூடேறியதும் மாற்றுங்கள். வெந்நீரைக் கோழிகள் விரும்புவதில்லை. நிழல் மண்ணைக் கொஞ்சம் நனைத்தால் தாமே குழி பறித்துப் படுத்துக்கொள்ளும். தீவனம் விடியற்காலையிலும் வெயில் தாழ்ந்த பிறகும் போதும். செரிமானமும் உடற்சூட்டைக் கூட்டும்.

ஏதாவது ஒன்று தள்ளாடினாலோ துவண்டு விழுந்தாலோ காத்திருக்காதீர்கள். தலையை மேலே பிடித்தபடி, உடலை மட்டும் குளிர்ந்த நீரில் சில நிமிடங்கள் அமிழ்த்துங்கள். பனிக்கட்டி நீர் வேண்டாம், அதிர்ச்சியாகிவிடும். பிறகும் நிமிரவில்லையென்றால் உடனே கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோங்கள்.