ஹை டைட் 4.6 மீட்டர்னா 15 அடி அலை வருமா?

மும்பை மாஹிம்லேர்ந்து ஒரு வாசகி கேட்டிருக்காங்க: "சார், மழை சீசன்ல 'மதியம் ஹை டைட், 4.6 மீட்டர்'னு மெசேஜ் வருது, டிவில அதையே 4.6 மீட்டர் அலைன்னு கத்துறாங்க. பையன் டெஸ்ட்ல டைட்னா பெரிய அலைன்னு எழுதி மார்க் போச்சு. வேவ், டைட் ரெண்டும் ஒண்ணுதானே?"

இல்லம்மா, டீச்சர் போட்டதுதான் சரி. வேவ் காத்து கிளப்புற அலை, சில செகண்டுக்கு ஒண்ணு வந்து உடைஞ்சிடும். டைட்னா கடல் மட்டமே மொத்தமா ஏறி இறங்குறது, தமிழ் புக்ல ஓதம்னு போட்டிருப்பாங்க, இங்க மராத்திக்காரங்க பர்தி, ஓஹோட்டின்னு சொல்றது இதைத்தான். நிலாவும் சூரியனும் இழுக்குறதால வருது, ஏற சுமார் ஆறு மணி நேரம், இறங்க ஆறு மணி நேரம், மறுநாள் ஒரு 50 நிமிஷம் லேட்டு.

கடலுக்குள்ள இருக்கிற ஹாஜி அலி தர்கா பக்கம் நின்னு பாருங்க. கடல் வத்தியிருக்கும்போது தர்காவுக்குப் போற பாதைக்கு ரெண்டு பக்கமும் பாறை தெரியும், அப்புறம் தண்ணி அவசரமே இல்லாம ஏறி ஏறி, பெரிய டைட்னா பாதையையே மூடிடும். அதே நேரம் வொர்லி சீ ஃபேஸ்ல சுவர்ல மோதி ரோட்டுல தெறிக்குதே, அது வேவ். மட்டம் ஏறினதால அலைக்கு சுவர் எட்டுது, அதுலதான் எல்லாரும் குழம்புறாங்க. மெட்ராஸ்ல வளர்ந்த எனக்கே இங்க வந்துதான் புரிஞ்சுது, மெரினால டைட் ஒரு மீட்டர் அளவுதான், கண்ணுல படுறது அலை மட்டும்தான்.

அந்த 4.6, கடல் ரொம்ப வத்துற மட்டத்தை ஒட்டி ஜீரோ வச்சு அளந்தது. அலை தனிக் கணக்கு, ஹைதராபாத்ல இருக்கிற இன்காய்ஸ்ங்கிற (INCOIS) கடல் தகவல் மையம் அதுக்குத் தனி எச்சரிக்கை விடுது.

அப்புறம் மெசேஜ் எதுக்குன்னா, மழைத்தண்ணி கால்வாய் நிறைய கடல்லதான் போய் விழுது, கடல் ஏறி நின்னா தண்ணி வெளிய போக வழியில்லாம தெருவுல தேங்கும். 2005 ஜூலை 26 அன்னைக்கு சாந்தாக்ரூஸ்ல ஒரே நாள்ல 944 மில்லிமீட்டர் கொட்டுச்சு, ஹை டைடும் கூட சேர்ந்துக்கிச்சு. அதனால மீட்டரை விட மணியைப் பாருங்க, அந்த நேரத்தை ஒட்டி பலமா மழை பெய்யும்னா வண்டிய தாழ்வான இடத்துல விடாதீங்க.

பையன்கிட்ட இன்னொண்ணும் சொல்லிடுங்க, அமாவாசை பௌர்ணமியை ஒட்டி வர்ற பெரிய டைடுக்கு ஸ்பிரிங் டைட்னு பேரு, மாசம் ரெண்டு தடவை வருஷம் பூரா வரும், வசந்த காலம்னு எழுதிடப் போறான்.