ஆட்டைத் தின்றது சிங்கராஜாப் பறவை இல்லை

கேள்வி (கோப்பாய்): ஒரே கிழமையில் என் இரண்டு ஆடுகள் செத்துப் போயின. பனை வடலிக்குள் கொண்டுபோய்ப் போட்டேன், விடியப் பார்த்தால் ஒன்றில் பாதியைக் காணவில்லை. வௌவால் செட்டையும் நாய் மூஞ்சியுமாக ஒரு பிணந்தின்னி சிங்கராஜா மழைக்காட்டிலிருந்து வடக்குக்கு வருவதாக வாட்ஸ்அப்பில் படம் வந்தது. உயிர் ஆட்டையும் தூக்குமா? மிச்ச இறைச்சியில் நஞ்சு வைக்கலாமா?

பதில்: ஐயா, அந்தப் படம் யாரோ கற்பனையில் செய்தது, அதை விடுங்கள். பிணந்தின்னிக் கழுகுகள்கூட இலங்கையில் நிரந்தரமாக வாழ்வதில்லை. அடர்ந்த காட்டில் மோப்பம் பிடித்தே பிணம் தேடும் கழுகு ஒன்று உண்மையிலேயே இருக்கிறது, ஆனால் அது அமெரிக்கக் கண்டத்தில், அதுவும் பகலில்தான் இரை தேடும். உங்கள் வடலிக்கு இரவில் வந்தது அனேகமாக ஊர் நாய்கள். நீங்கள் அனுப்பிய படத்தில் பின்னங்கால் வேலி வரை இழுபட்டுக் கிடக்கிறது, விலா எலும்பின் நுனி சப்பப்பட்டிருக்கிறது, அது பல்லின் வேலை. காகமும் பிராந்தும் பகலில் வந்து கண்ணையும் வயிற்றையும் கொத்தியிருக்கும், அவற்றுக்கு எலும்பு சப்ப வராது. பிராந்து கோழிக்குஞ்சைத் தூக்கும், வளர்ந்த ஆட்டைத் தூக்காது.

நஞ்சு மட்டும் வேண்டாம். அதைத் தின்று பக்கத்து வீட்டு நாயும் செம்பருந்தும் சாகும், மழை பெய்தால் நஞ்சு எங்கே போகும் என்று சொல்லத் தேவையில்லை, நம்முடைய செம்மண்ணுக்குக் கீழே சுண்ணாம்புக்கல், வெடிப்பு வழியாக நேரே கிணற்றுக்குத்தான்.

எனக்குப் பறவையை விட ஆடுகள் செத்த விதம்தான் கவலையாக இருக்கிறது. ஒரு கிழமைக்குள் இரண்டு என்றால் அரச மிருக வைத்தியருக்கு இன்றே சொல்லுங்கள். செத்த ஆட்டின் மூக்கிலோ வாயிலோ கறுப்பாய் உறையாத இரத்தம் வந்திருந்தால், வயிறு சட்டென்று ஊதியிருந்தால் அடைப்பான் (அந்த்ராக்ஸ்) நோயாக இருக்கலாம். அப்படியானால் கத்தி வைக்கக் கூடாது, தோலை உரிக்கக் கூடாது, வெறுங்கையால் தொடவும் கூடாது. அந்த நோய்க் கிருமியின் வித்து மண்ணில் பல வருடம் கிடக்கும், மனிதருக்கும் தொற்றும். வைத்தியர் வரும்வரை மிச்சத்தைத் தகரமோ தடித்த படங்கோ போட்டு மூடி, ஓரங்களில் கல் வையுங்கள், நாயைக் கிட்ட விடாதீர்கள்.

அவர் புதைக்கச் சொன்னால் கிணற்றுக்குத் தூரமாக, மண் ஆழமாய் உள்ள இடமாகப் பாருங்கள். கொஞ்சம் வெட்டியதும் கல் தட்டினால் அந்த இடம் சரிவராது, பிரதேச சபையிடம் வேறு இடம் கேளுங்கள். சுண்ணாம்பு கொட்டினால் எல்லாம் சரி என்று ஊரில் சொல்வார்கள், அடைப்பானுக்கு அது உதவாது.

அப்புறம் கோழிகளை அந்தப் பக்கம் மேயவிடாதீர்கள். அழுகிய இறைச்சியில் நெளியும் புழுவைக் கொத்தித் தின்றால் கழுத்துத் துவண்டு விழும், அதற்கு வீட்டில் செய்ய ஒன்றுமில்லை. மிச்ச ஆடுகளில் தீன் எடுக்காமல் ஒதுங்கி நிற்பது எது என்று பார்த்து, வைத்தியர் வந்ததும் அதை முதலில் காட்டுங்கள்.