கேள்வி - பதில்: கண்மாய்க்குள் நாரைக் கூடு

கேள்வி: எங்கள் ஊர்க் கண்மாய்க் கருவேல மரங்களில் இரண்டு மூன்று வருஷமாக நாரைகள் கூடு கட்டுகின்றன. இப்போது மரங்களை ஏலம் விடப் போகிறார்கள். சரணாலயமாக்கச் சொல்லி மனு கொடுக்கலாமா?
- ஒரு வாசகர், மேலூர் வட்டம்

பதில்: மனு பிறகு. ‘சரணாலயம்’ என்று வாயைத் திறந்தாலே, ஆடு மேய்க்க விடமாட்டார்கள், விறகு பொறுக்க விடமாட்டார்கள் என்று ஊர் மிரண்டுவிடும். முதலில் ஆயக்கட்டுக்காரர்களோடு, அதாவது கண்மாய்த் தண்ணீரில் பயிர் செய்கிறவர்களோடு உட்காருங்கள். நாரையைப் பற்றிப் பேச வேண்டாம். அதன் எச்சம் வயலுக்கு எருவாவதைப் பற்றிப் பேசுங்கள்.

வேடந்தாங்கலில் வெள்ளைக்காரச் சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டபோது, ஊரார் 1798இல் கலெக்டர் லயோனல் பிளேசிடம் முறையிட்டு உத்தரவு வாங்கினார்கள். இரக்கம் இருந்திருக்கும். எச்சம் கரைந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு என்ன செய்யும் என்ற கணக்கும் இருந்தது.

அவ்வளவு தூரம் போவானேன்? சிவகங்கை மாவட்டத்துத் திருப்பத்தூர் போகிற வழியில், பறவைகள் கூடு கட்டும் கொள்ளுக்குடிப்பட்டி இருக்கிறதே! தீபாவளிக்கும் அங்கே வெடி கிடையாது. வனத்துறை மிட்டாய் கொடுக்கும். 1977இல் சரணாலயமானது என்றாலும், வெடியை நிறுத்தி வைத்திருப்பது ஊர்க் கட்டுப்பாடுதான். உங்கள் ஊர்ப் பெரியவர்கள் நாலு பேரைக் கூட்டிப்போய் அந்த ஊர்க்காரர்களோடு பேச வையுங்கள். நாற்றம் அடிக்கும், மறைக்காதீர்கள். திருநெல்வேலிப் பக்கம் கூந்தன்குளத்தில் வீட்டுக் கொல்லை மரங்களிலேயே கூடு. வாசலில் நின்ற என் சட்டை வீணாய்ப் போனது. வீட்டுக்காரம்மா சிரித்துக்கொண்டே தண்ணீர்ச் செம்பை நீட்டினார்.

மரம் முழுவதையும் வெட்டாமல் விடச் சொன்னால் நடக்காது. தண்ணீருக்குள் நிற்கும் மரம்தான் நாரைக்கு வேண்டும். பூனையும் நாயும் கிட்டே வராது. நடுத்திட்டில் நிற்பதை விட்டுவிட்டு, கரையோரத்தை வெட்டட்டும், அதுவும் குஞ்சுகள் பறந்த பிறகு. கூட்டையும் முட்டையையும் கலைத்தால் 1972ஆம் வருஷத்து வன உயிரினச் சட்டப்படி அது வேட்டைக்குச் சமம். இதைக் கிராம சபையில் மிரட்டலாகச் சொல்லாமல், தகவலாகச் சொல்லுங்கள்.

மரத்தைவிட, தண்ணீரைத் திறந்துவிடும் மடைதான் பெரிய சிக்கல். தண்ணீர் சீக்கிரம் வற்றினால், தாய்ப்பறவை குஞ்சை விட்டுவிட்டுப் போய்விடும். கடைசித் தண்ணீரை எவ்வளவு நிறுத்தலாம் என்று, மடை திறந்து வயல்களுக்குத் தண்ணீர் விடும் நீர்பாய்ச்சியிடம் கேளுங்கள். அவருக்குத் தெரியாத மட்டமா? கண்மாயில் மீன் பிடிக்கும் உரிமையை எடுத்திருக்கும் மீன்பாசிக் குத்தகைதாரரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வெடி போட்டு விரட்டுகிறவர் பெரும்பாலும் அவர்தான். ‘கூடு இருக்கும் மாதங்களில் வெடி கூடாது’ என்று குத்தகை நிபந்தனையிலேயே எழுதிவிட்டால் பாதி வேலை முடிந்தது.